கோதண்டத்துக்கு ஒரு கீப்பு

நாகம்மாவைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் குழாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆவடி குவார்ட்டர்ஸில் அவள் தம்பி கோதண்டத்துக்குக் கொடுத்திருந்த வீட்டின் பின்பக்கம் ஒரு குழாயும் அதன் கீழே ஒரு சிமெண்டுத் தொட்டியும் இருந்தன. காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். தொட்டி நிறைந்ததும் யாராவது போய்த் திருக வேண்டும். திருகினாலும் முழுசாக நிற்காது, வாஷர் தேய்ந்துபோயிருந்தது. நாகம்மா பழைய புடவைக் கிழிசலை அதன் கழுத்தில் இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள்.

தம்பி ஒன்றும் கையாலாகாதவன் இல்லை. ராணுவத் தொழிற்சாலையில் நல்ல பெயரெடுத்த ஃபிட்டர். மனிதனைவிட உயரமான சக்கரங்களையெல்லாம் கழற்றிப் பூட்டுகிறவன். அதற்கும் மேலே, நானூறு குடும்பங்களை ஆள்கிறவன். அவன் ஆண்ட ஊரில் கிணறு, அகழி, மதகு எல்லாம் சரியாக இருந்தன. சொந்த வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றத்தான் நேரம் கிடைக்கவில்லை.

அந்த நானூறு குடும்பம் இருந்தது ஓர் அட்டைப் பெட்டிக்குள்.

பூந்தமல்லியில் கைலிக் கடை வைத்திருந்த ஜாபர் அலியின் அண்ணன் கப்பலில் சமையல்காரர். எண்பத்து மூன்றில் ஏதோ ஒரு துறைமுகத்தில் அந்தப் பெட்டியை வாங்கி வந்து, என்னவென்று புரியாமல் தம்பியிடம் தள்ளிவிட்டார். உள்ளே ஆங்கிலப் புத்தகங்கள் சில, விதவிதமான பட்டைகள் வைத்த பகடைகள். ஜாபர் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து படித்தான். ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தன்னை வைத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் மட்டும் வெளியிலிருந்து நடப்பதைச் சொல்லி வழக்குத் தீர்க்க வேண்டும், மற்றதைப் பகடை பார்த்துக்கொள்ளும். வழக்குத் தீர்ப்பவனுக்குப் புத்தகத்தில் பெரிய பெயர் இருந்தது. இவர்கள் கிரிக்கெட் பழக்கத்தில் "அம்பயர்" என்றார்கள். ஜாபர் அம்பயர். கோதண்டம் வாள்வீரன். அம்பத்தூர் லேத் பட்டறையில் இருந்த லட்சுமணன் மந்திரவாதி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் நாகம்மாவின் கூடத்தில் பாய் விரித்துவிடுவார்கள்.

முதல் சில வருடங்களை நாகம்மா பொறுத்துக்கொண்டாள். குகைக்குள் போவார்கள், பூதத்தை வெட்டுவார்கள், மிக்சர் தின்பார்கள், எழுந்து போவார்கள். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. அப்புறம்தான் சனியன் பிடித்தது. வீரன் ஓர் அளவுக்கு மேல் தேறிவிட்டால் நிலம் பிடித்துக் கோட்டை கட்டலாம் என்று புத்தகத்தில் ஒரு விதி இருந்திருக்கிறது. கோதண்டம் தேறிவிட்டான். கருங்கல்மேடு என்று ஒரு குன்றைப் பிடித்துக் கோட்டை கட்டினான். கட்டினதும் ஜனங்கள் குடி வந்தார்கள். குடி வந்ததும் அவர்களுக்குக் குறைகள் வந்தன.

பூதத்தை வெட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை போதும். ஊரை ஆள்கிறவனுக்கு ஏழு நாளும் போதாது. சோற்றில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பான். "இன்னாடா?" என்றால், "தெக்கால கிராமத்துல ஆளுங்க ஊட்ட காலி பண்ணிகினு போறாங்கக்கா" என்பான்.

"நம்ம ஊட்ல குயா ஒயுவுது."

"உம், பாக்கறேன்."

பார்க்கமாட்டான்.

நாகம்மா ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள முறையாகப் பயிற்சி எடுத்தவள். புருஷன் கல்யாணமான சில வருடத்தில் போய்விட்டான். அம்மாவும் போன பிறகு தம்பியோடு வந்தாள். நோயாளியை எப்படிப் புரட்டினால் முதுகில் புண் வராது, வாயைத் திறக்காதவருக்குக் கஞ்சியை எப்படிப் புகட்டுவது, இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நல்ல உடம்போடு திரிகிற ஒருவனைக் குழாய் வரைக்கும் நடக்க வைப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு தடவை கருங்கல்மேட்டில் காய்ச்சல் பரவியது. பகடை அப்படி விழுந்துவிட்டதாம். கோதண்டம் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, கோட்டைக்குள்ள பேதியும் காய்ச்சலும். இன்னா பண்லாம்?"

அவள் அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து காலை நீட்டியிருந்தாள். "கக்கூஸு எங்க வெச்சிகிற?"

"கெணத்தாண்ட."

"கஸ்மாலம்! அத்த மொதல்ல தூக்கி அந்தாண்ட வையி. தண்ணிய காச்சி குடிக்க சொல்லு. போ, கண்ணெதிர்ல நிக்காத."

கோதண்டம் அப்படியே உத்தரவு போட்டான். அதனால் பெரிதாக ஒன்றும் நன்மை விளைந்துவிடவில்லை. தண்ணீர் காய்ச்ச மரம் வெட்டிக் காடு மொட்டையாகிவிட்டது என்றும், கக்கூஸ் தூரமாகப் போய்விட்டது என்றும் ஜனங்கள் கோட்டை வாசலில் வந்து கத்துவதாக அம்பயர் தீர்ப்புச் சொன்னான். "உங்க அக்கா யோசனைதானே மாமே, அவங்களே வந்து பதில் சொல்லட்டும்" என்று லட்சுமணன் சிரித்தான். நாகம்மா டம்ளரை நங்கென்று வைத்தாள். ஆஸ்பத்திரியிலும் திட்டு, அட்டை ஊரிலும் திட்டு.

இப்படியே தொண்ணூற்று ஒன்று வந்தது. பூந்தமல்லிப் பக்கம் புதிதாக ஒரு முதியோர் இல்லம் திறந்தார்கள். படுக்கையில் கிடப்பவர்கள் பகுதிக்குப் பொறுப்பாக நாகம்மாவைக் கூப்பிட்டார்கள். அங்கேயே தனி அறை, கதவுக்கு உள்தாழ்ப்பாள். அடுத்த பொங்கலுக்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். தனக்கென்று ஓர் அறை, ஞாயிற்றுக்கிழமை அதில் யாரும் பாய் விரிக்க மாட்டார்கள் என்ற நினைப்பே அவளுக்கு இனித்தது.

ஆனால் தம்பியை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. முன்பு ஒருமுறை காஞ்சிபுரத்தில் ஒரு நோயாளியைப் பார்க்க மூன்று வாரம் போய்விட்டு வந்தாள். பன்னும் டீயுமாகவே காலம் தள்ளி, மஞ்சள் காமாலையோடு படுத்துக் கிடந்தான். நானூறு குடும்பத்துக்கு அரிசி சேமித்து வைத்திருந்தவன் வீட்டு அரிசி டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆக, பொங்கலுக்குள் அவனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிவிட வேண்டும். அவனுக்கும் முப்பத்து மூன்று ஆகிவிட்டது.

ஐயப்பன்தாங்கலில் இடம் அமைந்தது. பெண்ணின் அப்பா கஜபதி பஸ் டிப்போவில் மெக்கானிக். பெண் பெயர் சொர்ணம். அம்பத்தூரில் ரப்பர் வாஷர் செய்கிற கம்பெனியில் செக்கிங் வேலை. அதைக் கேட்டதும் நாகம்மா சம்மதம் சொல்லிவிட்டாள். ஜாதகமெல்லாம் அப்புறம்தான் பார்த்தாள். பெண் பார்த்தாயிற்று, இருவருக்கும் பிடித்திருந்தது. பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது மட்டுமே பாக்கி.

இந்த இடத்தில் ஒரு வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். கோட்டைக்கு நடுவே தலைவன் குடியிருக்கிற பெரிய கற்கோபுரத்தை அந்த இங்கிலீஷ் புத்தகம் "கீப்" என்று சொல்லியிருந்தது. கோதண்டமும் நண்பர்களும் அதை "கீப்பு" ஆக்கிக்கொண்டார்கள். "கீப்பு இடிஞ்சிபோச்சி, கீப்ப பூசணும், கீப்புக்கு காவல் போடு" என்றுதான் வருடக்கணக்காகப் பேச்சு. நம் ஊரில் கீப்பு என்றால் கட்டினவளை விட்டு ஒருவன் வேறு இடத்தில் வைத்துக்கொண்டிருக்கும் பெண் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. பழகிப்போனதில் மறந்துவிட்டார்கள். நாகம்மாவும் தொடக்கத்தில் ஒருமுறை திடுக்கிட்டுக் கேட்டாள், கோபுரம் என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள், அதோடு அவள் காதும் பழகிவிட்டது.

கஜபதியின் தங்கை வேம்புலியம்மாள் அண்ணன் குடும்பத்துக்குத் துப்பறியும் இலாகா. முறைப்படி வீடு பார்க்க வருவதற்கு முன்னால், சொல்லாமல் போனால்தான் நிஜம் தெரியும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பி வந்துவிட்டாள். நாகம்மா டூட்டிக்குப் போயிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஆண்களின் குரல் கேட்டது. வேம்புலியம்மாள் ஜன்னலோரம் நின்றாள்.

"மச்சான், அந்த கீப்புக்கு இன்னும் எவ்ளோதான் கொட்டுவ?" இது லட்சுமணன். "உன் கைல கீறத பூரா அது முயுங்கிகினு கீது."

"முயுங்கட்டும்டா," என்றான் கோதண்டம். "எத்தினி வருசமா என் கூட கீது. அது இல்லாட்டி நான் ஆரு?"

"பக்கத்து ஊரு பிரபு அதும்மேல கண்ணு வெச்சிகினு கீறான், சொல்லிட்டேன்," என்றான் ஜாபர்.

"அப்ப பேசாம அவனுக்கே குட்த்துட்டு, நீ வேற ஒண்ணு கட்டிக்கயேன் மாமே!" என்றான் லட்சுமணன்.

"கட்டிக்கலாம். இத்த உட்டுட்டு எப்டிடா கட்டிக்கறது? ரெண்டையும் வெச்சிக்கலாம்னு பாக்கறேன்."

வேம்புலியம்மாள் கதவைத் தட்டவில்லை. சத்தம் காட்டாமல் திரும்பிப் போய் பஸ் ஏறிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் மூலம் சேதி வந்தது. காரணம் சொல்லவில்லை. நாகம்மா லீவு போட்டுவிட்டு ஐயப்பன்தாங்கலுக்கு ஓடினாள். கஜபதி அவளை உட்காரச் சொன்னார், காப்பி கொடுக்கச் சொன்னார், அப்புறம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"உன் தம்பிக்கு கீப்பு கீதாமேம்மா?"

நாகம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அதுதான் முதல் தப்பு.

"சிரிக்கிறா பாரு!" என்றாள் உள்ளிருந்து வேம்புலியம்மாள்.

"ஐயோ, அது கோட்டைங்க."

"கோட்டையாட்டம் ஊடு வேற கட்டி குட்த்துகிறானா?"

"இல்லீங்க, அது வெளாட்டு."

"வெளாட்டா? உங்க ஊட்ல அதுக்கு பேரு வெளாட்டா?"

என்ன சொன்னாலும் சேற்றில் கால் வைத்த கதையாக ஆழம்தான் கூடியது. ஆயிரம் நோயாளிகளின் உறவுக்காரர்களைச் சமாளித்தவளுக்கு நாக்கு குழறியது. கடைசியில் கஜபதி சட்டையை மாட்டினார். "நான் உங்கூடவே வரேன். அவன் வாயால கேக்கறேன். நீ நடுவுல ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா நீ சொல்லிக் குட்த்ததாத்தான் நெனப்பேன்." பஸ்ஸிலும் பக்கத்துச் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கோதண்டம் ஷிப்ட் முடிந்து வந்து லுங்கியில் இருந்தான். வருங்கால மாமனாரைக் கண்டதும் அவசரமாகச் சட்டையைப் போட்டுக்கொண்டான். கஜபதி சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, ஆம்பளைக்கு ஆம்பள கேக்கறேன். உனுக்கு கீப்பு கீதா?"

கோதண்டத்தின் முகம் மலர்ந்தது. அக்கா தன் கோட்டையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டான் அந்தப் பாவி.

"அக்கா சொல்ச்சா? கீதுங்க!"

கஜபதி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "எத்தினி நாளா?"

"அது ஆச்சிங்க, வருசக்கணக்கா. ஜாபர்தான் குட்த்தான்."

"ஜாபர்… குட்த்தானா?"

"ஆமாங்க. மொதல்ல சுமாராத்தான் இருந்துச்சி. நான்தான் பூசி, மெயுகி, மேல ஒரு மாடி எயுப்பி, இப்ப பாத்தீங்கன்னா அந்த வட்டாரத்துல அத்த அடிச்சிக்க ஆளே இல்ல."

நாகம்மா தொண்டையைக் கனைத்தாள். கஜபதி விரலைத் தூக்கினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"சரி தம்பி. நடந்தது நடந்துபோச்சி. கல்யாணத்துக்கு அப்பால உட்டுடுவியா?"

"எப்டிங்க உட முடியும்?" என்று பதறினான் கோதண்டம். "அத்த நம்பி நானூறு குடும்பம் கீது!"

கஜபதி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "நானூறு குடும்பமா!"

இனி பொறுத்தால் தனக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று நாகம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, கோதண்டம் கருங்கல்மேட்டைக் கட்டி வைத்திருந்த அட்டைப் பலகையை இழுத்து மேஜைமேல் போட்டாள். தீப்பெட்டியும் தெர்மாகோலும் வைத்து ஒட்டிய மதில், நீலப் பெயிண்ட் அடித்த அகழி, நடுவில் ஹார்லிக்ஸ் பாட்டில் உயரத்துக்கு ஒரு கோபுரம்.

"தோ! இதாங்க கீப்பு. நல்லா பாத்துக்குங்க. பூசினதும் மெயுகினதும் இதான். எயவு, வருசக்கணக்கா இத்த தொடச்சிகினு கீறேன்!"

கஜபதி குனிந்து பார்த்தார். கோபுரத்தை ஒரு விரலால் தொட்டார். கோதண்டம் மெள்ள அவர் விரலை எடுத்துவிட்டு, "கோந்து இன்னும் காயலீங்க" என்றான். அவனுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. காது மடல் சிவந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏம்மா," என்றார் கஜபதி நிமிர்ந்து. "நெஜமாவே கீப்புன்னாக்கூட பேசித் தீத்துருப்பேன். முப்பத்து மூணு வயசுல தீப்பெட்டி வெச்சி வெளாட்றவனுக்கு எப்டிம்மா பொண்ண குடுக்கறது?"

நாகம்மாவும் அதையேதான் எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கஜபதி போன பிறகு, "அத்த தூக்கிப் போட்டுட்டா பொண்ணு குடுப்பாருடா" என்றாள். கோதண்டம் பலகையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பொங்கலைப் பற்றியும் அந்த அறையைப் பற்றியும் அவனுக்குத் தெரியும். "நீ சொன்னா எட்த்து போட்டுட்றேங்க்கா" என்றான். போடு என்று சொல்ல நாகம்மாவுக்கு மனசு வரவில்லை. தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. "நான் ஏன்டா சொல்லணும்? உன் ஊரு, நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் குழாயை மூடப் போனாள்.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் ஆட்டத்தைத் தொடங்காமல் துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருந்தபோது சொர்ணம் வந்தாள். கூடவே, காவலுக்கு வேம்புலியம்மாள்.

"எங்கப்பா வேணாம்னுட்டார். எனுக்கு ஒரு தபா பாக்கணும்னு இருந்துச்சி," என்றாள் சொர்ணம். "எங்க அந்த கீப்பு?"

காட்டினார்கள். கோதண்டம் முதலில் முனகலாக ஆரம்பித்து, மதகு வந்ததும் குரல் தேறி, சுங்கச் சாவடி வந்ததும் வழக்கம்போல் கையை ஆட்ட ஆரம்பித்துவிட்டான். சொர்ணம் குறுக்கே பேசாமல் கேட்டாள். அட்டையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெறும் பச்சையாக இருந்த இடத்தைக் காட்டினாள்.

"இது ஆருது?"

"அது பக்கத்து ஊரு பிரபுவோடது," என்றான் ஜாபர். "ஆளு கெடியாது. நான்தான் அவனுக்கும் சேர்த்து பேசறது."

"ஆளில்லாமலா இவரு இத்தினி வருசம் பயந்துகினு கீறாரு?"

லட்சுமணன் சிரித்துப் புரையேறினான்.

"அந்த ஊர எனுக்கு குடுங்க," என்றாள் சொர்ணம்.

"அடியேய்!" என்றாள் வேம்புலியம்மாள்.

"நீ சும்மா இரு அத்த. காலைலேர்ந்து சாயங்காலம் வரிக்கும் வாஷரத்தான் பாக்கறேன். ஓட்ட வட்டமா கீதா, ஓட்ட வட்டமா கீதா. ஞாயித்துக்கெயமையாச்சும் ஒரு ஊர பாக்கறேனே." கோதண்டத்தின் பக்கம் திரும்பினாள். "ஆத்துல பாதி எனுது. மதக நீங்க பாட்டுக்கு மூடி வெக்கக் கூடாது."

"அது எங்க ஊரு மதகு," என்றான் கோதண்டம்.

"தண்ணி எங்க ஊருக்கும்தான்."

பகடை உருண்டது. நாகம்மா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். இவளாவது வந்து தம்பியை மனுஷனாக்குவாள் என்று நம்பிய பெண், வந்து அரை மணி நேரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சொர்ணம் போகும்போது மட்டும் கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நாகம்மாவிடம் கொடுத்தாள். உள்ளே கைநிறைய ரப்பர் வாஷர். "அண்ணி, உங்க குயாக்கு. நானே பொறுக்கி எட்த்தது." அந்த ஒன்றுக்காக நாகம்மா மற்றதையெல்லாம் விழுங்கிக்கொண்டாள்.

பெண்ணே பிடிவாதமாக நின்றதும் கஜபதி இறங்கி வந்தார். கார்த்திகையில் கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில், "கட்டிக்கினான்டா வேற ஒண்ணு!" என்று லட்சுமணன் சொன்னதும், சம்பந்தமில்லாமல் ஒரு மூலை மட்டும் சிரித்தது. வேம்புலியம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு நாகம்மா டிரங்குப் பெட்டியோடு கிளம்பினாள். அரிசி எந்த டப்பாவில், உளுந்து எதில், கேஸ் எப்போது மாற்றினது, எல்லாம் ஒரு தரத்துக்கு இரண்டு தரமாகச் சொல்லியாயிற்று. இருவரும் தலையாட்டினார்கள், கண்கள் பலகைமேல் இருந்தன. கருங்கல்மேடு மதகை மூடிவிட்டதாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பயிர் வாடுகிறதாம். சொர்ணம் படை திரட்டிக்கொண்டிருந்தாள். ஜாபர் பெட்டியைத் தூக்கிவர எழுந்தான். "நீ குந்து, நீ எய்ந்தா இவங்க அடிச்சிக்குவாங்க" என்று அவள் தானே தூக்கிக்கொண்டாள்.

வீட்டைச் சுற்றி வரும்போது பின்பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. தொட்டி நிறைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. புது வாஷர் போட்ட குழாய்தான், இப்போது திருகினால் சொட்டுக்கூட விழாது. திருகத்தான் யாருமில்லை. நாகம்மா பெட்டியைக் கீழே வைத்தாள். கை நீண்டது. பாதியில் நின்றது.

"ராசாவே! ராணியே!" அந்த லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "ஊரு ஆண்டது போதும், தொட்டி வயியுது!"

உள்ளே பகடை உருளும் சத்தம் நின்றது.

"நீ போ."

"நீங்க போங்க. நேத்து நான்தான் மூடனேன்."

"நேத்து எங்க மூடன? லச்சுமணன் மூடனான்."

நாகம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். தண்ணீர் வழிகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் தொடர்ந்து வந்தது. தெரு முனையில் பூந்தமல்லி பஸ் திரும்புவது தெரிந்தது. அவள் கையைக் காட்டி, பெட்டியை முதலில் ஏற்றி, தானும் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். குழாயை யார் மூடினார்கள் என்று அவள் பிற்பாடும் விசாரிக்கவில்லை.